அத்தைக்குக் காட்டிய கல்

அத்தை சிங்கப்பூருக்கு வந்தது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. ஆனால் இரண்டு வாரமும் ஊர் சுற்றித்தான் பார்த்தார். சுற்றிக் காட்டியது நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. பள்ளி விடுமுறை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. திருச்சிப் பக்கம் ஒரு கிராமம். அவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டார். தாத்தா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பணம் வரும், கடிதம் வரும், ஆள் வரமாட்டார். அத்தை அவரைக் கடைசியாகப் பார்த்தபோது அத்தைக்கு ஒன்பது வயது. அப்பா கைக்குழந்தை. அந்தக் கைக்குழந்தையை வளர்த்தது அத்தைதான். அப்பா வளர்ந்து இங்கே வேலைக்கு வந்தார். வந்த மூன்றாம் வருஷம் தாத்தா இறந்தார். அப்பா அடக்கம் செய்தார். அத்தைக்குத் தந்தி போனது.

நாங்கள் வேதக்காரர்கள். கல்லறைத் திருநாள் அன்று ஊரில் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அத்தை தன் அம்மாவின் கல்லறையில் இரண்டு ஏற்றுவாராம். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று இங்கே கிடக்கும் அப்பாவுக்கு. முப்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. சாவதற்குள் ஒரு தடவையாவது அதை அவர் கல்லறையிலேயே ஏற்றிவிட வேண்டும் என்றுதான் விமானம் ஏறினார். பெட்டியில் துணி கொஞ்சம். மெழுகுவர்த்தி ஒரு கட்டு. அப்பாவுக்குக் கருவாடு.

தாத்தாவைப் புதைத்த அந்தக் கல்லறைத் தோட்டம் அப்போது இல்லை. வீடு கட்டுவதற்காக இடத்தை எடுத்துக்கொண்டார்கள். புதைத்தவர்களைத் தோண்டி எடுத்தாயிற்று. எனக்கு அது அரைகுறையாகத் தெரியும். பஸ்ஸில் போகும்போது வேலியைப் பார்த்திருக்கிறேன். உள்ளே புல்லும் மண்ணும். தோண்டியதில் தாத்தா எங்கே போனார் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அத்தைக்கு இது எதுவும் தெரியாது. வந்த அன்றைக்கே கேட்டார்.

"எப்படா போறோம் தம்பி?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போலாம்க்கா."

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓவர்டைம் என்று போய்விட்டார். திங்கட்கிழமை கேட்டதற்கு மழை என்றார். செவ்வாய்க்கிழமை கேட்டதற்குக் கருவாடு நல்லா இருக்கு என்றார். அத்தை சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை அவர் தட்டில் போட்டார்.

அம்மா பாலர் பள்ளியில் சமையல் வேலை. அதனால் அத்தையை வெளியே அழைத்துப் போக நான்தான். கையில் ரயில் கார்டு இரண்டு, பத்து சிங்கப்பூர் வெள்ளி நோட்டு ஒன்று, ஒரு தண்ணீர்ப் புட்டி. சிங்கத் தலையும் மீன் வாலுமாக நிற்கும் சிலையைக் காட்டினேன். பூந்தோட்டத்தைக் காட்டினேன். அத்தை எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பார்த்தார். சிலையைப் பார்த்து, "இது எதுக்கு வாயிலேர்ந்து தண்ணி விடுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "சும்மா" என்றேன். "சும்மாவா" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

எனக்கு அலுத்துவிட்டது. கிளமெண்டி நீச்சல் குளத்துக்கு என் கூட்டாளிகள் தினமும் மூன்று மணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பருத்திச் சேலை கட்டிய ஒருவரை ரயிலில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அத்தை ரயிலில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுவார். சீனக் கிழவியாக இருந்தாலும் தமிழில்தான். "எங்கப்பா இங்கதான் அடக்கம்" என்பார். அந்தக் கிழவி தலையாட்டும். நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

இரண்டாவது வாரம், புதன்கிழமை. வெள்ளிக்கிழமை இரவு அத்தைக்கு விமானம். அன்று காலை அப்பா செருப்புப் போடும்போது என்னைக் கூப்பிட்டார். மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு ஒரு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போ. மியூசியம், பார்க்கு, எதாவது. கல்லறையப் பத்திக் கேட்டா நீ ஒன்னும் சொல்லாத. நான் சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன். நானே பேசிக்கிறேன்."

சரி என்றேன். அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது.

முதலில் தமிழ்க் கடைகள் இருக்கும் தேக்காவுக்குப் போனோம். அத்தைக்குப் பூ வேண்டுமாம். எதற்கு என்று கேட்கவில்லை, எனக்கே தெரிந்தது. தினமும் காலையில் பூ வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்வார். யாராவது திடீரென்று கல்லறைக்கு அழைத்துப் போய்விட்டால் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று. சாயங்காலம் வாடிய பூவை எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் போடுவார்.

பூக்கடைக்காரரிடம் அன்றைக்கும் பேரம்.

"ரெண்டு வெள்ளியா? இந்தக் காசுக்கு எங்க ஊர்ல ஒரு பந்தே தருவாங்க."

"அப்ப வரும்போது ஊர்லேர்ந்தே ஒரு பந்து கொண்டாந்திருக்கலாம் லா அக்கா."

"கொண்டாந்தா வாடிரும்ல."

"வாடாம கொண்டாந்ததுக்குத்தான் ரெண்டு வெள்ளி."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசைக் கொடுத்தார். கடைக்காரர் ஒரு முழம் கூட்டிப் போட்டு, "யாருக்குக்கா? சாமிக்கா?" என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு. இங்கதான் கல்லறையில இருக்காரு."

"எந்தக் கல்லறை?"

நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். ரயில் வந்துவிடும் என்றேன். ரயில் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அது அத்தைக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. ஆனாலும் வந்தார்.

ஒரு நிறுத்தம்தான். இறங்கி நடந்தால் பெரிய மியூசியம். வெள்ளைக் கட்டடம், மேலே குவிமாடம். உள்ளே குளிர். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பழைய ரிக்‌ஷா, பழைய தராசு, பழைய தட்டு. அத்தைக்கு ஆச்சரியம். "இதெல்லாம் எங்க வீட்டுப் பரண்ல கெடக்கு. இதுக்குப் போய் கண்ணாடி போட்டு வச்சிருக்காங்களே." நான் மணியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பன்னிரண்டு. ஒரு மணிக்குக் கிளம்பினால்கூடக் குளத்துக்குப் போய்விடலாம்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. சுவர் அளவுக்குப் பெரிய படம். பழைய துறைமுகம். முதுகில் மூட்டையோடு பலகை மேல் வரிசையாக நடக்கும் ஆட்கள். இடுப்பில் துண்டு, தலையில் துண்டு. முகம் எல்லாம் கறுப்பாக, கலங்கலாக.

அத்தை நின்றுவிட்டார்.

முதல் ஆளின் முகத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு இரண்டாவது ஆள். பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முகமாக. வரிசையின் கடைசிக்குப் போய்விட்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தார்.

"இதுல அவரு இருப்பாரா?"

"தெரியல அத்த. இது ரொம்பப் பழைய படம்."

"அவரும் பழைய ஆள்தானே."

அதன்பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். சத்தம் இல்லாத அழுகைதான். ஆனால் தோள் குலுங்கியது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. காவலுக்கு நின்ற சீன அங்கிள் வந்து என்னிடம் என்ன ஆச்சு என்று இங்கிலீஷில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அத்தை எழுந்து அவரிடமே தமிழில் சொன்னார். அப்பா என்றார். கல்லறை என்றார். கையால் தரையைக் காட்டி, பிறகு நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டினார். வெள்ளிக்கிழமை போகணும் என்று கையை விமானம் மாதிரி தூக்கிக் காட்டினார். அந்த அங்கிள் நல்லவர். அத்தையை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு இல்லை. டிக்கெட் கவுண்டரில் ஒரு தமிழ்க்காரர் இருக்கிறார், வாங்க என்று அழைத்துப் போனார். நான் பின்னால் போனேன். எனக்குக் காது சுட்டது. எல்லோரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

கவுண்டரில் இருந்த அக்காவுக்கு அம்மா வயது இருக்கும். பொறுமையாகக் கேட்டார்.

"எந்தக் கல்லறைம்மா? எந்தப் பக்கம்?"

அத்தை பெயரைச் சொன்னார். அப்பா எழுதிய பழைய கடிதத்தில் பார்த்த பெயர், மறக்காமல் வைத்திருந்தார்.

"ஐயோ, அதுவா. அது இப்ப இல்லையேம்மா. எல்லாம் தோண்டி எடுத்து..."

"என்னத்த எடுத்து?"

அந்த அக்கா என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தார். அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒன்றும் சொல்லாதே. அந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால் கவுண்டர் அக்கா மிச்சத்தைச் சொல்லியிருப்பார். அத்தை அங்கேயே விழுந்து அழுதிருப்பார். நான் அந்த ஓர் அழுகைக்குத்தான் பயந்தேன். எல்லோர் முன்னாலும் அழுவாரே என்று. அப்பாவைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பிறகு சேர்த்துக்கொண்டது.

"இல்ல ஆன்ட்டி. எங்க தாத்தா வேற இடம். அத்தை பேர மாத்திச் சொல்லிட்டாங்க."

"வேற இடமா? எங்கடி?" என்று அத்தை கேட்டார்.

"இங்கதான். பின்னால. மலை மேல."

வாயில் வந்தது அது. மியூசியத்துக்குப் பின்னால் ஃபோர்ட் கேனிங் மலை. இப்போது பூங்கா. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை கூட்டிப் போயிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் காலத்தில் அங்கே கல்லறை இருந்தது. கல்லறையை எடுத்துவிட்டு, பெயர் எழுதிய கற்களை மட்டும் செங்கல் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். டீச்சர் அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்.

அத்தை என் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டி தங்கம், இவ்ளோ கிட்ட வச்சுக்கிட்டா என்னைய ஊரெல்லாம் சுத்த விட்டீங்க" என்றார். கோபம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கவுண்டர் அக்காவும் சிரித்தார். அந்த அக்கா நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மலைக்குப் படி நிறைய. அத்தைக்கு முழங்கால் வலி. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றார். நிற்கும்போதெல்லாம் பையைத் திறந்து பூ கசங்காமல் இருக்கிறதா என்று பார்த்தார். நான் மேலே போய் நின்று, "வாங்க அத்த, வாங்க" என்று அவசரப்படுத்தினேன்.

மேலே பழைய வாசல் ஒன்று உண்டு. வெள்ளையடித்த வளைவு. அத்தை அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். இங்கே செருப்போடு போகலாம் என்றேன். கேட்கவில்லை. உள்ளே பெரிய புல்வெளி. ஓரத்தில் நீளமாகச் செங்கல் சுவர். அதில் கல் கல்லாகப் பதித்திருக்கிறது. சுவர் முன்னால் ஒரு சீனப் பெண்ணும் பையனும் கல்யாண உடையில் நின்றிருந்தார்கள். ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கவுனைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கல்லறையில கல்யாணமா?"

"இங்க அப்படித்தான் அத்த."

"நல்ல ஊரு" என்றார் அத்தை.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எழுத்து நன்றாகத் தெரிகிற கல்லை விட்டேன். வருஷம் தெரிகிற கல்லை விட்டேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எண் தெரியும். அது எனக்கு அந்த வயதிலேயே தோன்றியது. நன்றாகத் தேய்ந்து, மேல் வரி மட்டும் மிச்சம் இருந்த ஒரு கல் வந்ததும் நின்றேன்.

"இது."

அத்தை சுவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது கல்.

"சுவத்துல வச்சிருக்காங்களே. உடம்பு?"

"உள்ள இருக்கு."

"இதுல அவரு பேரு எது?"

நான் மேல் வரியில் முதல் வார்த்தையைத் தொட்டுக் காட்டினேன். அது பெயரே இல்லை, ‘Sacred’, இன்னாரின் புனித நினைவுக்கு என்று தொடங்கும் வார்த்தை. பக்கத்துக் கல்லும் அந்த வார்த்தையில்தான் தொடங்கியது, அதற்கு அடுத்த கல்லும் அப்படித்தான். அத்தை ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துத் தடவினார். ஆறு எழுத்து. பிறகு அந்த விரலை முத்தம் செய்தார்.

பூவைச் சுவரில் வைக்க இடம் இல்லை. கீழே புல்லில் வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து மண்ணில் ஊன்றினார். காற்று. மூன்று தீக்குச்சி அணைந்தது. நாலாவதற்கு நான் கை மறைத்துக் கொடுத்தேன். பற்றிக்கொண்டது. பூங்காவில் மெஷினால் இலை ஊதிக்கொண்டிருந்த ஒரு பங்களாதேஷ் தொழிலாளி எங்களைப் பார்த்தார். நெருப்பு வைக்கக் கூடாது என்று சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அத்தை முழங்கால் போட்டார். அந்தக் காலோடு. பரலோக மந்திரம் சொன்னார். அருள் நிறைந்த மந்திரம் சொன்னார். நித்திய இளைப்பாற்றி சொன்னார். அதோடு எழுந்துவிடுவார் என்று பார்த்தேன். எழவில்லை. கல்லில் உள்ளங்கையை வைத்துப் பேசத் தொடங்கினார்.

"அப்பா. நான்தான் வந்திருக்கேன். நீங்க போனப்ப சின்னப் பிள்ள. இப்பப் பாருங்க, கிழவி ஆயிட்டேன்."

யார் யார் செத்தார்கள் என்று சொன்னார். யாருக்கு எத்தனை பிள்ளை என்று சொன்னார். மேட்டு நிலத்தை விற்றதற்கு மன்னிப்புக் கேட்டார். தாத்தா அனுப்பிய ஒரு சிவப்புக் குடையைப் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டு, கடிதத்தில் பத்திரமாக இருக்கிறது என்று எழுத வைத்தாராம். அதற்கும் மன்னிப்புக் கேட்டார். பிறகு, "தம்பி உங்கள நல்லா வச்சிருக்கான். அவன ஒன்னும் சொல்லாதீங்க" என்றார்.

நான் மணியைப் பார்த்தேன்.

"நீயும் தொட்டுப் பேசு. பேத்தி வந்திருக்கேன்னு சொல்லு" என்றார்.

கல் வெயிலில் சுட்டது. "ஹலோ தாத்தா" என்றேன்.

அத்தை சிரித்து, என்னை இழுத்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது. நான் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் குளத்துக்குப் போனேன். கொஞ்சம் தாமதம்தான். அத்தையை வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். கூட்டாளிகள் தண்ணீரில் இருந்தார்கள். நன்றாகவே நீந்தினேன்.

சாயங்காலம் அப்பா சொன்ன மாதிரி சீக்கிரம் வந்தார். அரை நாள் லீவு கேட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டார். கோயிலுக்குப் போடுகிற சட்டை. டிவியை நிறுத்தினார். அத்தைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள்.

"அக்கா. உன்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"நீ என்னடா சொல்றது. நான்தான் பாத்துட்டு வந்துட்டேனே."

"என்னத்த?"

"அப்பாவ."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் அணைந்திருந்த டிவியைப் பார்த்தேன்.

அத்தை சொல்லிக்கொண்டே போனார். மலை மேல எப்படி இருக்கு. புல்லு எப்படி வெட்டி வச்சிருக்காங்க. பக்கத்துலயே வெள்ளைக்காரன் கல்லறையெல்லாம் இருக்கு, அவங்களோட சரிக்குச் சரியா வச்சிருக்கியேடா. ஊர்ல நம்ம அம்மா கல்லறை சரிஞ்சு கெடக்கு, நீ இங்க ராஜா மாதிரி வச்சிருக்க. இதச் சொல்றதுக்கா ரெண்டு வாரம் ஓடி ஒளிஞ்ச, கூட்டிட்டுப் போனா அக்கா அழுவான்னு பயந்தியா. சொல்லிவிட்டு இரண்டு கையாலும் அப்பாவின் முகத்தை வழித்து, தன் நெற்றியோரம் வைத்து நெட்டி முறித்தார்.

அப்பா வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு, "ஆமாக்கா" என்றார்.

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். திட்டவில்லை. அத்தை விமானம் ஏறினார். அப்போதும் திட்டவில்லை. சரி, அப்பாவுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று அப்பா சொல்ல வந்ததை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகு. கல்லறையைத் தோண்டும் முன்னால் பேப்பரில் போட்டார்களாம். குடும்பத்தார் வந்து பெயர் கொடுத்தால் எலும்பை எரித்துச் சாம்பலைக் கொடுப்பார்கள். அப்பா பேப்பர் பார்க்கிற ஆள் இல்லை. அப்போது பன்னிரண்டு மணி நேர வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, கல்லறைத் திருநாளுக்குத்தான் போவார். அந்த வருஷம் பூவோடு போனபோது வேலி போட்டிருந்தது. கேட்க ஆள் இல்லாதவர்களை எரித்துக் கடலில் கரைத்துவிட்டதாகச் சொன்னார்கள். தாத்தாவுக்குக் கேட்க ஆள் இருந்தது. பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில்தான் இருந்தது.

ஊருக்குப் போன அத்தை சும்மா இருக்கவில்லை. ஊர் முழுக்கச் சொன்னார். சாமியாரிடம் சொல்லிப் பூசை வைத்தார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இரவு போன் வரும். "போனியாடா? பூ வச்சியா?" அப்பா, "வச்சேன்க்கா" என்பார். பொய் என்றுதான் நான் நினைத்தேன்.

பொய் இல்லை. மூன்றாவது வருஷம் கல்லறைத் திருநாள் சாயங்காலம் அப்பா என்னையும் வரச் சொன்னார். எனக்குப் பதினாலு வயது. எங்கே என்று சொல்லவில்லை. ரயில் மாறி, நடந்து, அந்தப் படி ஏறினோம். ஒவ்வொரு வருஷமும் வேலை முடிந்து அங்கேதான் போயிருக்கிறார். அக்காவிடம் வச்சேன் என்று சொன்னால் எங்கேயாவது வைத்திருக்க வேண்டும் அல்லவா.

புல்வெளியில் யாரும் இல்லை. அப்பா சுவரின் ஒரு மூலைக்குப் போனார். அங்கே கல்லே இல்லை, வெறும் செங்கல்.

"மூணு வருஷமா இந்த மூலையிலதான் வச்சுட்டுப் போறேன்" என்றார். "அக்கா போன்ல கேக்குது. பெரிய கல்லா சின்னக் கல்லா, மேல சிலுவை இருந்துச்சா, எனக்கு மறந்துபோச்சு சொல்லுடான்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல."

கையில் பூப் பொட்டலம் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"எந்தக் கல்லு?"

நான் சுவரோரம் நடந்தேன். எனக்குத் தெரியவில்லை. தேய்ந்த கல் நிறைய இருந்தது. எல்லாம் ஒரே வார்த்தையில் தொடங்கின. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பினேன். அப்பா அவசரப்படுத்தவில்லை. அவர் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

"இதுப்பா" என்று ஒன்றைக் காட்டினேன்.

அப்பா அந்தக் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுதானா?" என்றார்.

"ஆமாப்பா. நல்லாத் தெரியும்."

சரி என்றார். குனிந்து பூவை வைத்தார். மெழுகுவர்த்தி ஏற்றினார். அன்றைக்குக் காற்று இல்லை.

அத்தை இறந்தபோது அம்மா சொன்னாள். நாங்கள் அந்தக் கல்லைத் தேடிப் போன கல்லறைத் திருநாள் காலையில் அப்பா ஊருக்குப் பேசுகிற போன் கார்டு ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தாராம். "பிள்ளையே தெரியலப்பான்னு சொல்லட்டும். அங்கயே நின்னு அக்காவுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிடுறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

"அதுக்கு நான் எதுக்கும்மா? அவரே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? சொன்னா நீ அவங்கள ஏமாத்துனதும் வெளிய வரும்ல. உன்னைக் காட்டிக் கொடுத்துட்டுத்தான் அவரு பேச முடியும். அதான் நீயா சொல்லுவேன்னு பாத்தாரு."

எனக்கு இது எதுவும் அன்றைக்குத் தெரியாது. இருட்டுவதற்கு முன் மலையிலிருந்து இறங்கினோம். கீழே ஐஸ்கிரீம் வண்டி நின்றது. அப்பா எனக்கு மட்டும் ஒன்று வாங்கினார். ரொட்டியில் சுருட்டித் தந்தார்கள். அப்பா என்னை நம்பிவிட்டார் என்று நினைத்தேன். முழுவதையும் சாப்பிட்டேன்.